ஊர்காவற்றுறையைக் கடலில் இருந்து பாருங்கள்

யாழ்ப்பாணம் வருகிற பலர் பண்ணைப் பாலத்தால் வேனில் போய், ஒரு காலத்துத் துறைமுகப் பட்டினமான ஊர்காவற்றுறையின் சந்தியில் ஒரு சோடா குடித்துவிட்டு, "இதுவோ அந்தப் பெரிய துறைமுகம்?" என்று கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தரையால் வந்தால் கூரை போன கல்வீடுகளும் ஆளில்லாத கடைத்தெருவும்தான் கண்ணில் படும். நான் சொல்வது, எதிர்க்கரையான காரைநகர்ப் பக்கம் போய்ப் 'பாதை'யில் ஏறுங்கள். இயந்திரம் பூட்டிய தட்டையான மிதவை அது. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாம் ஒன்றாக ஏறும். சில நிமிஷப் பயணம்தான். பழுதாகி நிற்கிற நாட்களும் உண்டு, விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

அதில் என் பக்கத்தில் நின்றவர் நண்டு வாளியோடு வந்த ஒரு பெரியவர். நான் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கோட்டையை விடும், தண்ணியின்ர நிறத்தைப் பாரும்" என்றார். கரைப்பக்கம் வெளிறிய பச்சை. மீன்பிடிக்கக் கட்டிய சிறகுவலைக் கம்புகளுக்கு நடுவே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். எங்களுக்குக் கீழே மட்டும் கருநீலம். "உந்தக் கறுப்புக்குள்ளாலதான் கப்பல் வரலாம். அங்கால விட்டால் அடி தட்டும்."

அதைக் கேட்ட பிறகுதான் கடல்கோட்டை ஏன் அந்த இடத்தில் குந்தியிருக்கிறது என்று விளங்கியது. அந்தக் கருநீல வாய்க்காலின் வாசலை அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த போர்த்துக்கேயர் குடிதண்ணீர் இல்லாமல்தான் சரணடைந்தார்கள். ஊர்காவற்றுறைக் கரையிலும் ஒரு பழைய கோட்டையின் இடிபாடு பற்றைக்குள் கிடக்கிறது. வருகிற கப்பல் இந்த இரண்டு கோட்டைகளுக்கும் நடுவால்தான் போக வேண்டும். கடல்கோட்டையில் இப்போது கடற்படையின் ஹோட்டல் நடக்கிறது, அவர்களுடைய படகில்தான் கூட்டிப்போவார்கள். பிற்காலத்தில் சிறையாக இருந்த இடத்தில் காசு கொடுத்துப் படுக்க எனக்கு மனம் வரவில்லை.

நயினாதீவுக்குப் போகிறவர்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த லோஞ்சை (மோட்டார் படகை)ப் பிடிக்க ஓடாமல், கோயிலில் உள்ள கல்வெட்டையும் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை, தமிழில் இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இதே ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசி (வேற்றுநாட்டு) வணிகரைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மற்றது உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. படைக்கு வேண்டிய மிருகம் என்றால் ராசாவின் கை தாராளமாகிவிடுகிறது! அடிதட்டும் பச்சைத் தண்ணீரைக் கண்ணால் கண்டவனுக்கு, கப்பல் உடைவதற்கென்று தனியாக ஒரு சட்டம் எழுதியதில் ஆச்சரியம் இராது.

புங்குடுதீவின் இறங்குதுறையான குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலப் பயணம். உல்லாசப் பயணம் என்று நினைத்து ஏறினால் அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவில்தான் இடம் கிடைக்கும். ஓட்டை போட்ட மட்டைப்பெட்டிக்குள் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டு வந்தன. புங்குடுதீவை விட்டு வெளியே வந்ததும் லோஞ்ச் ஆடத் தொடங்கியது. "படங்கை இழுத்து விடுங்கோ!" என்று ஒரு சத்தம். அதற்கு முன்பே அரைவாசிப் பேர் நனைந்தாயிற்று.

பெட்டியை மடியில் வைத்திருந்த ஆச்சி அசையவே இல்லை. நெடுந்தீவுக்காரி. மாவிலித்துறையில் இறங்கும்போது நெடுந்தீவுப் பயணிகளை ஏற்றி ஓடிய குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தைக் கையால் காட்டினார். 1985 மே 15. அந்தப் படகு அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது என்றார். ஏறப் பயமில்லையோ என்று கேட்டேன்.

"பயந்து என்ன செய்யிறது ராசா? ஆஸ்பத்திரி எண்டாலும் கலியாணச் சாமான் எண்டாலும் உதிலதானே போக வேணும்" என்றவர், குஞ்சுப் பெட்டியை என் கையில் தந்துவிட்டுப் படி ஏறினார்.

மட்டக்குதிரை, பெருக்கமரம் (பாவோபாப்), பவளக்கல் மதில், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு எல்லாவற்றையும் ஓர் ஆட்டோக்காரர் சுற்றிக் காட்டுவார். அவற்றின் படங்கள் எங்கும் கிடக்கின்றன, நான் விவரிக்கவில்லை.

போவதென்றால் பங்குனி, சித்திரை நல்லது, கடல் படுத்திருக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகு வயிறு பலவீனமானவர்கள் நெடுந்தீவை விட்டுவிட்டு நயினாதீவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்பும் லோஞ்ச் எத்தனை மணிக்கு என்பதை இறங்குதுறையிலேயே கேட்டுவிட்டு நடவுங்கள். தீவில் தங்குமிடங்கள் குறைவு, லோஞ்சைத் தவறவிட்டால் பாடு.