செயின் ரம்பத்தில் புதுச் செயின் மாட்டினேன், மூடி உட்காரவில்லை. உதவி தேவை

பணகுடிக்காரன்:
ஆடிக் காற்று தோட்டத்து வேம்பைப் பம்ப்செட் அறை மேலே சாய்த்துவிட்டது. பாதி அறுப்பதற்குள் செயின் மழுங்கிப்போனது. வள்ளியூரில் புதுசு வாங்கி வந்து, இரண்டு நட்டைக் கழற்றி மாட்டிவிட்டேன். பக்கவாட்டு மூடிதான் திரும்ப உட்கார மாட்டேன் என்கிறது, அரை விரல் வெளியே நிற்கிறது. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டலாமா? மெஷின் 58 சிசி, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு (பார்) 22 அங்குலம்.

அம்பை மெக்கானிக்:
தம்பி, சுத்தியலை முதலில் வீட்டுக்குள்ளே வைத்துவிட்டு வா. எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகாமலிருக்க ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்கிறாயா? இல்லையென்றால் இப்போதே கழற்று.

மூடியைத் திருப்பிப் பார். உள்ளே வட்டமாக ஓர் இரும்புப் பட்டை இருந்தால் அதுதான் பிரேக். மூடி கையில் இருக்கும்போது, பிரேக்கை இயக்கும் முன் கைக்காப்பு எதிலோ தட்டியிருக்கும், பட்டை இறுகி வட்டம் சுருங்கிவிட்டது. அதற்குள், செயினைச் சுழற்றும் கிளட்ச் டிரம் எப்படிப் போகும்? மூடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கைக்காப்பைப் பின்பக்கமாக, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை இழு. ஸ்பிரிங் முரட்டுத்தனமானது, விரல் உள்ளே போகக் கூடாது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம்.

பணகுடிக்காரன்:
உட்கார்ந்துவிட்டது அண்ணாச்சி! ஆனால் இப்போது வேறு வம்பு. செயின் ஓடுகிறது, வெட்டத்தான் இல்லை. மரத்தில் வைத்தால் புகை, கருகல் வாசனை, மைதா மாதிரித் தூள். ஆயில் டேங்க் நிறைய இருக்கிறது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ?

தேரிக்காட்டான்:
கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர்முனை பாரின் மூக்கை, அதாவது முன் நுனியைப் பார்த்து இருக்கிறதா, உங்களைப் பார்த்து இருக்கிறதா?

பணகுடிக்காரன்:
என்னைத்தான் பார்க்கிறது.

தேரிக்காட்டான்:
அப்போ தலைகீழ். பல்லின் முதுகுதான் மரத்தைத் தேய்க்கிறது. நானும் முதல் தடவை ஓர் உடை மரத்தோடு அரை மணி நேரம் இப்படி மல்லுக்கட்டியிருக்கிறேன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்.

அம்பை மெக்கானிக்:
நன்றாக ஆறட்டும், பிறகு கையுறை போட்டுக் கழற்று. பிளக் கேப்பை மறக்காதே. கழற்றும் முன் பிரேக் விடுபட்டிருக்கட்டும். பாரின் விளிம்பில் செயின் ஓடும் காடியில் எண்ணெயும் தூளும் களியாக அடைத்திருக்கும், ஒரு தகடு விட்டுச் சுரண்டு. ஆயில் வரும் சின்ன ஓட்டையையும் பார்த்துக்கொள். பாரை அப்படியே புரட்டியும் மாட்டு, இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

பலர் கோட்டை விடுவது டென்ஷனில்தான். நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, பாரின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே டென்ஷன் ஸ்க்ரூவைத் திருகு. கீழே தொங்கும் செயின் பாரின் அடியைத் தொட்டதும் நிறுத்து. மூக்கை விடாமலே நட்டை ஸ்பேனரால் முறுக்கு. கையுறையோடு இழுத்தால் செயின் லேசாக ஓட வேண்டும், காடியை விட்டு வெளியே வரக் கூடாது. புதுச் செயின் கொஞ்ச நேரத்திலேயே தளரும், நிறுத்தி மறுபடி பார். சூட்டில் இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடு, ஆறும்போது சுருங்கி பாரைக் கவ்வும்.

தேரிக்காட்டான்:
மண் ஒட்டின பட்டையைத் தட்டிவிட்டு அறுங்கள். எங்கள் தேரி மணல் ஒரு தடவை பட்டால் போதும், பல் போய்விடும்.

பணகுடிக்காரன்:
திருப்பி மாட்டிவிட்டேன். இப்போது தூள் இல்லை, அவல் மாதிரிச் சீவலாகப் பறக்கிறது. பம்ப்செட் அறைக்கு ஓடுதான் மாற்ற வேண்டும், அதற்குத் தனி இழை போடுகிறேன் அண்ணாச்சி.