எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னாங்க, ஆனா பல்லு வலி போகல: உங்களுக்கும் இப்படி ஆச்சா?

போன ஆடி மாசம் ஆரம்பிச்சது, கீழ் கடவாப்பல்லு ஒண்ணு, கடிச்சா சுருக்குங்கும், ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். கிராம்பு அடக்கி வெச்சேன், கேக்கல. பக்கத்து கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்துட்டு "ஒண்ணுமில்லம்மா, கூச்சம்தான்"னு பேஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. வீட்லயும் அதுக்கப்புறம் யாரும் நம்பல, அதான் எனக்கு இன்னும் ஆறல. நாலு மாசத்துல தாடை வீங்கி டென்டல் காலேஜுக்கு ஓடினேன், அங்க எடுத்த படத்துல வேர் நுனில கருப்பா வட்டம், தொற்றுல எலும்பு கரைஞ்ச இடமாம். எலும்புல தாது 30லேர்ந்து 50 சதவீதம் கரைஞ்சாதான் சாதா எக்ஸ்ரேல தெரியும்னு அங்க மேல்படிப்பு படிக்கிற பிஜி பொண்ணுதான் சொல்லுச்சு. ரூட் கெனால் பண்றதுக்கு முன்னாடி ஆராய்ச்சிக்குன்னு கையெழுத்து வாங்கிட்டு, பல்லைச் சுத்தி பஞ்சு வெச்சு ஈரத்தைத் துடைச்சு, ஈறு ஓரத்துல மெல்லிசா ஒரு பேப்பர் துண்டு சொருகி 30 செகண்ட் எண்ணுச்சு. துளி வலி இல்ல. எதிர்ப்பக்கத்து நல்ல பல்லுலயும் அதே மாதிரி எடுத்துச்சு. வேற யாருக்காவது இது எடுத்தாங்களா?

பதில்:
அக்கா, நானும் எண்டோ பிஜிதான், அதாவது பல் வேர் சிகிச்சைல மேல்படிப்பு, இந்த பேப்பர் துண்டு வேலையே பண்ணிட்டு இருக்கேன். ரத்தம் ஒட்டிட்டா அதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுக்கணும், எச்சில் பட்டாலும் வீண்தான். ஈறு இடுக்குல ஊறுற தண்ணியை அந்தப் பேப்பர் உறிஞ்சும், அதுல எம்.எம்.பி-8, இன்டர்லூகின்-1 பீட்டா (அழற்சியைத் தூண்டுற புரதம்) எல்லாம் எவ்வளவு இருக்குன்னு பாப்போம். எம்.எம்.பி-8ங்கறது வெள்ளை அணுக்கள் விடுற என்சைம், கொலாஜனை அறுக்கும். எதிர்ப்பக்கப் பல்லு எதுக்குன்னா, ஆளுக்கு ஆள் அளவு மாறும், அதனால உங்க நல்ல பல்லையே வெச்சு ஒப்பிடறோம். சிக்கல் எங்கன்னா ஈறு வீங்கியிருந்தாலும் இதே அளவு ஏறும், வேர்லேர்ந்து வருதா ஈறுலேர்ந்து வருதான்னு பிரிக்க முடியாம நானே முழிச்சிருக்கேன். ஃபின்லாந்துல உருவாக்குன எம்.எம்.பி-8 கிட் கிளினிக்லயே சில நிமிஷத்துல ரிசல்ட் குடுக்கும், ஆனா அது ஈறு நோய்க்குத்தான். வேர் தொற்றுக்கு இதை மட்டும் நம்பி நாங்க பல்லைத் தொறக்க மாட்டோம். எக்ஸ்ரே கிளீனா இருந்து வலி போகலன்னா, பல்லைத் தட்டிப் பாத்தீங்களா, குளிர் டெஸ்ட் பண்ணீங்களான்னு கேளுங்க, இல்லன்னா கொஞ்ச வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்க. நீங்க வலிக்குதுன்னு சொன்னது உண்மைதான்க்கா, வீட்லயும் இதைக் காட்டுங்க.