ஆற்றோர மண்ணில் வணிகக் கட்டடம்: அடித்தளம் குறித்து ஆலோசனை தேவை

கட்டுமானப் பொறியாளர்களுக்கு வணக்கம். ஆற்றையொட்டிய மனையில் 4 மாடி வணிகக் கட்டடத்துக்கு அடித்தளம் அமைக்க வேண்டியுள்ளது. மண் பரிசோதனைத் துளைகளில் மேலே தளர்வான மணலும், அதன்கீழ் விரலால் அழுத்தினாலே குழியும் கருங்களிமண்ணும் வந்தன. 12 மீட்டருக்குக் கீழேதான் எஸ்.பி.டி. மதிப்பு (மண்ணின் உறுதியைக் காட்டும் அடி எண்ணிக்கை) 30-ஐத் தாண்டுகிறது, நிலத்தடி நீரோ 1.5 மீட்டரிலேயே நிற்கிறது. ராஃப்ட் (கட்டடத்தின் அடி முழுவதும் பரவும் ஒரே கான்கிரீட் தளம்) போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். ஆனால் களிமண் அடுக்கின் தடிமன் மூலைக்கு மூலை வேறுபடுவதால், கட்டடம் சீரற்று இறங்கி விரிசல் விடும் என்பதே என் அச்சம். துளையிட்டுக் கான்கிரீட் வார்க்கும் பைல்தான் (உறுதியான மண்வரை இறங்கும் தூண்) சரியென்றால், மணல் சரியாமலிருக்க பென்டோனைட் கரைசல் மட்டும் போதுமா, களிமண் முடியும் ஆழம்வரை இரும்புக் கேசிங்கும் (துளையின் சுவரைத் தாங்கும் குழாய்) இறக்க வேண்டுமா? மனையை மேடாக்கக் கொட்டும் மண்ணின் பாரத்தால் களிமண் இறங்கும்போது, அது பைலைக் கீழ்நோக்கி இழுக்கும் விசையை (பலர் இதைக் கவனிப்பதே இல்லை) நீங்கள் எவ்வாறு கணக்கிட்டீர்கள் என்பதையும் அனுபவமுள்ளோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.