அரை டேங்க் காட்டிய முள்

சென்னிமலையிலிருந்து:

சென்ற மார்கழியில் பெட்ஷீட் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குக் கிளம்பினேன். வெள்ளோடு தாண்டியதும் ஸ்கூட்டர் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுவிட்டது. பெட்ரோல் முள் அரை டேங்க் காட்டியதால் பெட்ரோலைப் பற்றி நினைக்கவே இல்லை. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “அம்மிணி, வண்டியை ஆட்டிப் பார், சலசலக்கிறதா?” என்றார். ஆட்டினேன். சத்தமே இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் மீட்டரை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டதும் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் மாமா மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். “பொறு கண்ணு, கோளாறு மேலே இருக்கிறதா, டேங்கில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்” என்றார்.

டேங்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் மெல்லிய கம்பி, கம்பியின் அடியில் ஒரு மின்தடைப் பட்டை. பெட்ரோல் குறையக் குறைய மிதவை இறங்கும். பட்டையின் மேல் ஒரு சிறு தகடு நகர்ந்து மின்தடையை மாற்றும். அதற்கேற்ப முள் அசையும். இந்த மொத்த அமைப்பைத்தான் கடைகளில் டேங்க் யூனிட் என்கிறார்கள்.

மாமா டேங்க் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டேங்க் யூனிட்டிலிருந்து வரும் ஒயரின் இணைப்பைக் (கப்ளர்) கழற்றினார். சாவியைத் திருப்பியதும் முள் மெல்ல இறங்கிக் காலிக்குப் போனது. சாவியை அணைத்து, மீட்டர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். முள் ஏறி ஃபுல்லைத் தொட்டது. சில வண்டிகளில் இது தலைகீழாக நடக்குமாம். எப்படியானாலும் முள் இரண்டு கோடிக்கும் போய்வந்தால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். மாற்றச் சொன்ன மீட்டர் என் கண்ணெதிரே ஒழுங்காக வேலை செய்ததைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, திறந்த வாசலில் வைத்து யூனிட்டை வெளியே எடுத்தோம். கம்பி சுழலும் இடத்தில் செம்பழுப்பாகத் துரு அப்பியிருந்தது. மிதவையை விரலால் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நின்றது. நான் எப்போதும் நூறு ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போடுவேன். டேங்கின் காலி இடத்தில் ஈரம் படியும். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் ஈரத்தை ஈர்க்கும் என்று மாமா விளக்கினார். துருவைத் துடைத்து, மல்ட்டிமீட்டர் வைத்து மின்தடையை அளந்தபோதும் அளவு சீராக மாறாமல் நடுவில் தாவியது. புது யூனிட்தான் போட்டோம். மீட்டருக்குக் கேட்டதில் கால் பங்குகூட ஆகவில்லை.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். யூனிட்டுக்கும் டேங்குக்கும் நடுவே கசியாமல் இருக்கப் போட்டிருக்கும் ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பிப்போய்த் தன் பள்ளத்தில் உட்காரவே உட்காராது. அழுத்தித் திணித்தால் பிதுங்கிக் கசியும். புது வளையத்தை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைக்காததால் இரவு முழுவதும் நிழலில் காயவைத்தோம். காலையில் சுருங்கிப் பொருந்தியது.

கோபியிலிருந்து:

என் வண்டியில் ஃபுல் டேங்க் அடித்தாலும் முள் காலியிலேயே கிடந்தது. மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே பெட்ரோல் தளும்பியது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகப் புகுந்து அதை மூழ்கடித்திருக்கிறது. பசை போட்டு அடைத்தேன். ஒரு மாதத்தில் பசை இளகி மறுபடி மூழ்கிவிட்டது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பெட்ரோலில் கரைந்த பசை கார்புரேட்டருக்குத்தான் போகும்.

பவானியிலிருந்து:

இண்டிகேட்டர் போட்டால் அது மினுக்கும் தாளத்துக்கே முள்ளும் குதிக்கிறதா? டேங்கைத் தொடவே வேண்டாம். எர்த் ஒயரைப் பாருங்கள். என் வண்டியில் முன்பக்க மூடிக்குள் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட் ஐப்பசி மழையில் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன், பத்து நிமிட வேலை. இன்னொன்று, சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது முள் காட்டும் அளவு சரியாக இருக்காது. சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்திவைத்துப் பாருங்கள்.

மறுபடியும் சென்னிமலையிலிருந்து:

பவானி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இப்போதுதான் வாசலுக்குப் போய் இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தேன். முள் அசையவில்லை. ஆனாலும் ஃபுல் டேங்க் அடித்த அன்று ஓடியிருந்த கிலோமீட்டரைச் சீட்டில் எழுதி வண்டிப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். என் வண்டி லிட்டருக்கு 45 தருகிறது, டேங்க் 5 லிட்டர். 180 ஓடியதும், முள் எங்கே இருந்தாலும் பங்க்குக்குள் திருப்பிவிடுகிறேன்.