முட்டி ஜவ்வு கிழிந்திருக்கிறதாம், 47 வயதில் ஆபரேஷன் தேவையா?

கேள்வி: தாம்வே கடைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் இருந்து எழுதுகிறேன். வயது 47, சின்னதாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். இருபது இருபத்தைந்து வருடமாகச் சாயங்காலம் கடையை அடைத்ததும் சின்லோன் ஆடப் போய்விடுவேன். ஊர்ப்பக்கத்து ஆட்களுக்காக ஒரு வார்த்தை: பிரம்பால் பின்னிய பந்தை ஆறு பேர் வட்டமாகச் சுற்றி வந்துகொண்டே கீழே விழாமல் காலால் தட்டிக்கொண்டிருப்பது. எதிரணி கிடையாது, ஜெயித்தவன் தோற்றவன் கிடையாது. நடுவில் நிற்பவன் முட்டியாலும் குதிகாலாலும் முதுகுக்குப் பின்னாலும் வித்தை காட்டுவான். அந்த நடு ஆள் பெரும்பாலும் நான்தான், அதுதான் இப்போது பிரச்சினை.

நான்கு மாதமாக வலது முட்டியின் உள்பக்கம் வலி. விழவில்லை, முறுக்கிக்கொள்ளவும் இல்லை, தானாக வந்தது. நடந்தால் அவ்வளவாகத் தெரியாது. டீக்கடையில் அந்த முழ உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எழும்போது பாருங்கள், மேசையைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. கோவில் அன்னதானத்தில் சம்மணம் போட முடியாமல் பெரியவர்களோடு நாற்காலி வரிசையில் போய் உட்கார்ந்தேன், வெட்கமாக இருந்தது.

எம்ஆர்ஐ எடுத்தேன். உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியில் கிடைவாட்டில் கிழிசல், கிரேடு மூன்று என்று எழுதியிருக்கிறது. டாக்டர் படத்தைத்தான் பார்த்தார், முட்டியைத் தொடக்கூட இல்லை. "ஜவ்வு கிழிந்துவிட்டது, ரெண்டு துளை போட்டு ஓரத்தைச் சீவி விட்டால் சரியாகிவிடும், மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்றார். சென்னையில் இருக்கும் மச்சான், இங்கே வந்து பண்ணிக்கொள் என்கிறார். கிழிந்ததைத் தைக்காமல், சீவாமல் விட்டால் இன்னும் கிழியாதா? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: கால் கை வைத்தியன்

அண்ணே, நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு ஆட்களின் முட்டி, தோள்பட்டைதான் எனக்குப் பதினாறு வருடமாகப் பிழைப்பு.

முதலில் இந்த ஜவ்வு என்கிற வார்த்தையே ஒரு தொல்லை. நம் ஆட்கள் லிகமென்ட் அறுந்தாலும் ஜவ்வு என்பார்கள், மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு என்பார்கள். லிகமென்ட் கயிறு மாதிரி, எலும்பை எலும்போடு கட்டி வைப்பது. மெனிஸ்கஸ் தொடை எலும்புக்கும் முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் வாஷர். இரும்புக்கடைக்காரருக்கு வாஷரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்குப் பழுது வாஷரில். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜவ்வு ஆபரேஷன் பண்ணி ஓடுகிறான் என்று யாராவது சொன்னால், அது எந்த ஜவ்வு என்று கேட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள்.

கிடைவாட்டுக் கிழிசல், விழாமல் கொள்ளாமல் 47 வயதில் வந்தது என்றால் அது பெரும்பாலும் தேய்மானம். பழைய கைலி துவைத்துத் துவைத்து மடிப்பில் நூல் விடுவது போல. அமெரிக்காவில் பிராமிங்காம் என்கிற ஊரில் 50லிருந்து 90 வயது வரை 991 பேருக்கு, வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், முட்டியை எம்ஆர்ஐ எடுத்தார்கள். 2008ல் வெளிவந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் மெனிஸ்கஸ் பழுதாகியிருந்தது. அப்படிப் பழுதானவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை. அதாவது படத்தில் கிழிசல் இருப்பது நிஜம், உங்களுக்கு வலி இருப்பதும் நிஜம், ஆனால் அதனால்தான் இது என்று படம் சொல்லாது.

சரி, சீவினால் என்ன ஆகும்? இதைப் பின்லாந்துக்காரர்கள் பார்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 35லிருந்து 65 வயது வரை உங்களைப் போலவே உள்பக்க மெனிஸ்கஸ் தேய்ந்து கிழிந்த 146 பேர். எல்லோரையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய், துளை போட்டு, கேமரா விட்டு உள்ளே பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் சீவுவதா வேண்டாமா என்று சீட்டுப் போட்டு மூடி வைத்த உறையைப் பிரிப்பார்கள். சீவு என்று வந்தால் சீவுவார்கள். சீவாதே என்று வந்தால் நாடகம்! எல்லாக் கருவியையும் சத்தமாகக் கேட்டு வாங்கி, முட்டியை மடக்கி நீட்டி, பிளேடு இல்லாத ஷேவரை வெளியே முட்டிச் சிப்பியில் வைத்து ஓடவிட்டு, உறிஞ்சும் குழாய்ச் சத்தமும் போட்டு, நிஜ ஆபரேஷனுக்கு ஆகிற நேரம் வரை ஆளை அங்கேயே படுக்க வைத்திருந்து அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வலி நன்றாகக் குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். 2013ல் வந்த முடிவு இது. நிஜமாகச் சீவிக்கொண்டவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

நார்வேயில் 140 பேரை வைத்து உடற்பயிற்சியா ஆபரேஷனா என்று பார்த்தார்கள், சராசரி வயது ஐம்பது பக்கம். 12 வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பயிற்சி. இரண்டு வருடம் கழித்துச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பயிற்சிக் கூட்டத்தில் ஐந்தில் ஒருவர், போதும்டா சாமி என்று பிற்பாடு ஆபரேஷனுக்குப் போனார்கள், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் மீதி நான்கு பேர் கத்தியே இல்லாமல் தப்பித்தார்கள் அல்லவா?

விட்டால் இன்னும் கிழியாதா என்று கேட்டீர்கள். சீவுவது என்றால் ஒட்டுப்போடுவது இல்லை அண்ணே, வாஷரில் ஒரு துண்டை வெட்டி வெளியே எடுப்பது. மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில் மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைத்தால் ஆறும், இளவட்டங்களுக்குத் தைப்பார்கள். உள் ஓரத்தில் ரத்தமே கிடையாது. ஒரு காலத்தில் முழு மெனிஸ்கஸையும் எடுத்துவிடுவார்கள், அப்படி எடுத்த முட்டிகள் தேய்கின்றன என்று 1948லேயே பேர்பேங்க் என்கிற டாக்டர் எக்ஸ்ரேயை வைத்து எழுதிவிட்டார். கேமரா வழியாகக் கொஞ்சமாக மட்டும் சீவுவதை 1962ல் டோக்கியோவில் வாட்டனாபே செய்து காட்டியபோது அது பெரிய முன்னேற்றம்தான். அதற்காக எல்லா முட்டிக்கும் அது வேண்டும் என்று ஆகிவிடாது.

எனக்கு மூன்று பதில் வேண்டும். முட்டி முழுதாக நீள்கிறதா, இல்லை பாதியில் எதிலோ மாட்டிக்கொண்டது போல் நிற்கிறதா? வீங்குகிறதா? படி இறங்கும்போது கால் சட்டென்று மடிந்து விழப் பார்க்கிறீர்களா?


பதில் 2: மோல்மேன் அக்கா

தம்பி, மேலே எழுதியவர் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அதைப் படித்துவிட்டு ஆபரேஷனே ஏமாற்று என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். என் மகனுக்கு 22 வயது. புட்பால் ஆடும்போது கால் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. டப் என்று சத்தம் கேட்டது என்றான். அன்று ராத்திரி முட்டி பரங்கிக்காய் மாதிரி வீங்கியது. வீக்கம் வடிந்த பிறகும் கால் நீளவில்லை. மேசை டிராயரில் கரண்டி குறுக்கே மாட்டினால் இழுக்க வராதே, அப்படி. நாங்கள் புத்திகெட்டுப் போய் எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரிடம் இரண்டு மாதம் அலைந்தோம். அவர் இழுத்து இழுத்து நீட்டப் பார்த்ததில் பிள்ளை அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு ரங்கூனில் காட்டினால், மெனிஸ்கஸ் வாளிக் கைப்பிடி மாதிரி கிழிந்து புரண்டு மூட்டுக்கு நடுவில் வந்து அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் கால் நீளவில்லை, முதல் வாரமே வந்திருந்தால் முழுதாகத் தைத்திருக்கலாம் என்றார்கள். கொஞ்சம் தைத்து, கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறான், ஓடுகிறான், புட்பால் ஆட மட்டும் நான் விடவில்லை. ஆகவே தம்பி, கால் பூட்டிக்கொண்டால் எந்த ஆராய்ச்சியையும் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம், ஓடு.


பதில் 3: கால் கை வைத்தியன்

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் சொன்ன ஆய்வுகளில் முட்டி பூட்டிக்கொண்டவர்களைச் சேர்க்கவே இல்லை. இன்னொன்று, மெனிஸ்கஸ் எலும்போடு ஒட்டியிருக்கும் வேர் பிடுங்கிக்கொண்டாலும் கதை வேறு, அதற்கும் சர்ஜனைப் பார்க்க வேண்டும். அண்ணனுடைய ரிப்போர்ட்டில் வேர் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.


பதில் 4: பெகு பழைய ஆள்

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். பின்லாந்துக்காரனும் நார்வேக்காரனும் நாற்காலியில் சாப்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மேல்நாட்டுக் கக்கூஸில் போகிறவன். நாம் குத்தவைத்து, சம்மணம் போட்டு, மண்டியிட்டுப் பிழைக்கிறவர்கள். பிக்குகளைக் கும்பிடப் போனாலும் தரை, நம் கோவிலுக்குப் போனாலும் தரை. அவன் முட்டிக்குச் சரியாகிவிட்டது என்றால் அது நம் முட்டிக்கு எப்படிப் பொருந்தும்? எந்த ஆய்வாவது டீக்கடை ஸ்டூலை அளந்து பார்த்ததா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்துப் பயப்படுகிற இந்த வியாதி முட்டியோடு நிற்பதில்லை. எனக்கு இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ஒரு ஸ்கேனை வைத்துக்கொண்டு மூன்று வருடம் மூட்டை தூக்கவே பயந்தேன். பிற்பாடு மகள் ஒரு கட்டுரையைப் படித்துச் சொன்னாள்: 1994ல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐயில் போட்டால் பாதிப் பேருக்கு மேல் எங்காவது ஒரு டிஸ்க் பிதுங்கி இருந்ததாம். அதைக் கேட்ட அன்றைக்கே பாதி வலி போய்விட்டது, நம்பினால் நம்புங்கள்.


பதில் 5: கால் கை வைத்தியன்

பெகு ஐயா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான். நேர்மையாகச் சொன்னால் அந்த 146 பேரில் சின்லோன் ஆடுகிறவன் யாரும் இருந்திருக்க மாட்டான். ஆனால் குத்தவைப்பதைப் பற்றிப் பெய்ஜிங்கில் பார்த்திருக்கிறார்கள். 25 வயதில் தினமும் எவ்வளவு நேரம் குத்தவைத்தீர்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு, எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டார்கள், 2004ல் வந்தது. அதிக நேரம் குத்தவைத்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் கூடுதலாக இருந்தது. ஆக நம் பழக்கம் முட்டிக்குச் சுமை என்பது உண்மை. அதற்கு வழி வாஷரைக் குறைப்பதா, தொடைச் சதையைக் கூட்டுவதா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான், அதிலும் முழுசாக மடக்கி எழுகிற வேலை நமக்குத் தினமும் இருப்பதால், பயிற்சியையும் அந்த ஆழம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அது ஐரோப்பியப் புத்தகத்தில் இருக்காது.

முதுகு பற்றிச் சொன்னதும் சரிதான், ஆனால் கால் மரத்துப் போவது, பாதம் தூக்க வராமல் போவது, ஒன்றுக்கு இரண்டுக்கு அடக்க முடியாமல் போவது இருந்தால் அது வேறு, உடனே போக வேண்டும். தோள்பட்டையிலும் இதே கதை ஓடியது. கையைத் தூக்கினால் வலிக்கிறது என்று தோளுக்குள் எலும்பைச் சீவுவார்கள். இங்கிலாந்தில் 313 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீவி, ஒரு கூட்டத்துக்குக் கேமரா மட்டும் விட்டுப் பார்த்து, ஒரு கூட்டத்தைச் சும்மா விட்டார்கள். சீவினதும் சும்மா எட்டிப் பார்த்ததும் ஒன்றாகவே வந்தது, 2018ல். காவடி எடுத்துத் தோள் வலிக்கிறது என்று வருடா வருடம் என்னிடம் நான்கு பேர் வருவார்கள், அவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.


பதில் 6: தாம்வே கடைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கேட்டதற்குப் பதில்: கால் முழுதாக நீள்கிறது. வீக்கம் லேசாக, ஆடின மறுநாள் மட்டும். மடிந்து விழவில்லை. வேரைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை.

வேறொரு டாக்டரிடம் போனேன், வயதானவர். படத்தைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் படுக்க வைத்து இரண்டு காலையும் மடக்கித் திருப்பி, அப்புறம் தொடையைச் சுற்றி டேப்பால் அளந்தார். வலது தொடை இடதைவிட இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருக்கிறது! நான்கு மாதமாக நொண்டி நொண்டி அந்தக் காலை வேலை வாங்காமல் வைத்திருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. மூன்று மாதம் பயிற்சி, அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் பேசலாம் என்றார். ஆறு கிலோ இறக்கச் சொன்னார், அதுதான் கஷ்டம், காலையில் மொஹிங்காவில் (இங்கத்து மீன் குழம்பு நூடுல்ஸ்) பொரித்த பருப்பு போடாமல் எப்படிச் சாப்பிடுவது?

வைத்தியரே, எங்கிருந்து ஆரம்பிப்பது? சின்லோனை அடியோடு நிறுத்த வேண்டுமா?


பதில் 7: கால் கை வைத்தியன்

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள் அண்ணே. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் நான்கு கிலோ சுமை குறைகிறது என்று கணக்கே இருக்கிறது, ஆறைப் பெருக்கிப் பாருங்கள், பருப்பு தானாகக் கசக்கும்.

சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஆரம்பியுங்கள். கையைக் கட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்கார வேண்டும், பொத்தென்று விழக் கூடாது. பத்துப் பத்தாக மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். லேசான வலி வரலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் கவலை இல்லை, அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள். அது சுலபமானதும் நாற்காலியை மாற்றி மாற்றிக் கீழே வாருங்கள், கடையில் இருக்கிற பெயின்ட் டப்பா ஒவ்வொரு சைஸிலும் உதவும். கூடவே ஒற்றைக் காலில் நிற்பது, படி ஏறி இறங்குவது. சின்லோனை நிறுத்த வேண்டாம், வட்டத்தில் நடங்கள், உங்கள் பக்கம் வருகிற பந்தைத் தட்டிக் கொடுங்கள், மூன்று மாதத்துக்கு நடுவில் போகாதீர்கள். டீக்கடை ஸ்டூலில் கை ஊன்றாமல் பத்துமுறை எழ முடிகிற அன்றைக்கு நடுவில் நில்லுங்கள்.


பதில் 8: தாம்வே கடைக்காரன்

நடுவில் இப்போது என் தம்பி மகன் நிற்கிறான், பந்தைப் பத்துத் தட்டுக்குள் கீழே போடுகிறான், பார்க்கச் சகிக்கவில்லை. இருபது லிட்டர் டப்பாவில் ஆரம்பித்திருக்கிறேன்.