உபினுக்குச் சொந்த சைக்கிளா, வாடகை சைக்கிளா?

பாசிர்ரிஸ்காரன்:
போன வாரம் இங்கே ஒருவர், சிங்கப்பூரின் கிழக்குக் கரையை இரண்டு நாளில் சைக்கிளில் சுற்றுவது எப்படி என்று எழுதியிருந்தார். பாதை எல்லாம் சரி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "புலாவ் உபினுக்குச் சொந்த சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். படகில் நாசமாகிவிடும். அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்." இதைப் படித்துவிட்டு எத்தனை புது ஆட்கள் சைக்கிளைச் சாங்கியில் பூட்டிவிட்டுப் போகப்போகிறார்களோ! சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து உபின் தீவுக்குப் பத்து நிமிடம்தான். பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகு பன்னிரண்டு பேர் ஏறியதும் கிளம்பிவிடுகிறது. சைக்கிளுக்குத் தனியாகக் கொஞ்சம் காசு கொடுத்தால் முன்பக்கமோ பின்பக்கமோ சாய்த்து வைத்துக்கொள்வார்கள். இதில் நாசமாக என்ன இருக்கிறது? சொந்த சைக்கிள் படகில் போகும், போகிறது, போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஒற்றைக்கியர்:
அந்த வரியை எழுதியவன் நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். பாசிர் ரிஸ் பூங்கா, சாங்கி கடற்கரை, ஈஸ்ட் கோஸ்ட், பிடோக் நீர்த்தேக்கம் என்று 42 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை முழுதாக விளக்கி எழுதியிருந்தேன். அதில் ஒரு வார்த்தைகூட உங்கள் கண்ணில் படவில்லை, படகு மட்டும் பட்டுவிட்டது. உப்புத் தண்ணீர் தெறிக்கும். ஐந்தாறு சைக்கிளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்தால் அடியில் இருப்பதன் கியர் வளையும். வளைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதினேன்.

பாசிர்ரிஸ்காரன்:
கியர் இருக்கும் வலது பக்கத்தை மேலே வைத்துச் சாய்க்க வேண்டும். நாமே கையில் தூக்கி நாமே வைக்க வேண்டும். கடைசியாக ஏற்றினால் நம்முடையதுதான் மேலே இருக்கும். இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவுக்கு ஒரு பயன் இருந்திருக்கும். "கொண்டுபோகாதீர்கள்" என்று சொல்ல அனுபவம் எதற்கு?

புதுமிதி:
அண்ணே, நான் புதுசு. கேரியரில் இரண்டு பக்கமும் பை மாட்டிய சைக்கிள். கூடாரமும் உண்டு. கொண்டுபோகலாமா, கூடாதா?

பாசிர்ரிஸ்காரன்:
தம்பி, தாராளமாகக் கொண்டுபோங்கள். பைகளை மட்டும் முன்பே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறைப் படி ஈரமாக இருக்கும், பையோடு தூக்கினால் சறுக்கும். ஜெலுத்தோங், மாமாம் என்று உபினில் கூடாரம் போடும் கடற்கரைகள் இருக்கின்றன. வாடகை சைக்கிளில் முன்னால் ஒரு கூடைதான். கூடாரம், படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அந்தக் கூடையில் வைத்து ஓட்டச் சொல்கிறாரா நம் நண்பர்? வாடகை சைக்கிளைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவு தங்குபவன் என்ன செய்வான்?

ஒற்றைக்கியர்:
நான் எழுதியது பகலில் போய்த் திரும்புபவர்களுக்கு. கூடாரத்தை நடுவில் கொண்டுவந்தது நீங்கள்.

பாசிர்ரிஸ்காரன்:
தலைப்பிலேயே "இரண்டு நாள்" என்று போட்டது நீங்கள்.

சாங்கி_அக்கா:
நான் சாங்கி கிராமத்துப் பக்கம் வெகுகாலமாக இருக்கிறேன். வாரக்கடைசியில் வரிசையைப் பாருங்கள், பாதிப் பேர் சொந்த சைக்கிளோடுதான் நிற்கிறார்கள். ஆனால் வாடகைக் கடைகளையும் ஒரேயடியாக மட்டம் தட்ட வேண்டாம். தீவில் இன்னும் தங்கியிருக்கும் கொஞ்சப் பேருக்கு அதுதான் பிழைப்பு.

அதைவிட முக்கியம், பன்றி. உபினின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புநிலத்தின் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். போன தடவை என் கண்ணெதிரே ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு வந்தது. ஹேண்டிலில் தொங்கிய பிளாஸ்டிக் பையைப் பல்லால் பிடித்து இழுத்தது. சைக்கிள் அப்படியே சாய்ந்து பக்கத்தில் இருந்த நாலையும் தள்ளிவிட்டது. பன்றி ரொட்டியைத் தின்றுவிட்டுப் பிளாஸ்டிக்கை மட்டும் துப்பிவிட்டுப் போனது. சொந்த சைக்கிளோ வாடகையோ, சாப்பாட்டை அதில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒற்றைக்கியர்:
கேட்டீர்களா? நாலு சைக்கிள் சாய்ந்திருக்கிறது. சொந்த சைக்கிளாக இருந்தால்?

பாசிர்ரிஸ்காரன்:
பன்றிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் சொன்னது படகில் நாசமாகும் என்று. படகைப் பற்றிப் பேசுங்கள்.

ஈரச்சக்கரம்:
நீங்கள் இருவரும் படகிலேயே இருங்கள். என் கேள்வி வேறு. அந்தப் பதிவில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவைக் "கடலோரக் காடு" என்று எழுதியிருந்தார். அது 1966இல் தொடங்கிய நிலமீட்பில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய மண். சவுக்கும் தென்னையும் ஆட்களை வைத்து நட்டது. அதைக் காடு என்று சொல்லி ஊரிலிருந்து வருகிறவர்களை ஏமாற்றக் கூடாது. கடலோரக் காடு பார்க்க வேண்டுமானால் பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலத்துக்குப் போகச் சொல்லுங்கள். மரப்பலகை நடைபாதையில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்தால் சேற்றில் ஓடும் மீனையும் நண்டையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஒற்றைக்கியர்:
நட்ட மரம் ஐம்பது வருடம் நின்றால் நிழல் தராதா? மத்தியான வெயிலில் தானா மேரா நேர்ச்சாலையில் மிதித்துவிட்டு வருபவனிடம் கேளுங்கள். ஒரு பக்கம் விமான ஓடுபாதை, மறுபக்கம் பொட்டல். தலைக்கு மேல் ஓர் இலை கிடையாது. அங்கிருந்து ஈஸ்ட் கோஸ்ட் சவுக்குக்குள் நுழைந்தவனுக்கு அது காடுதான்.

பாசிர்ரிஸ்காரன்:
உபினின் காடு அப்படி ஆட்களை வைத்து நட்டதல்ல. ரப்பர்த் தோட்டத்தைக் கைவிட்டார்கள், கல்குவாரிகளை மூடினார்கள், காடு தானாக வந்தது. குவாரிப் பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. அங்கே போக ஒரு நல்ல சைக்கிள் வேண்டும், அந்த சைக்கிள் படகில்தான் போக வேண்டும். அதைத்தான் ஒருவர் கூடாது என்கிறார்.

மெதுமிதி:
தானா மேரா என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. போன வருடம் இந்தக் கூட்டத்தோடு வந்தபோது அந்த நேர்ச்சாலையில்தான் எனக்குப் பங்க்சர். டிசம்பர் மாதம், வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கிறது. "முன்னால் காத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களைச் சாங்கியில்தான் பார்த்தேன், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இழையில் அதிகமாகப் பேசுகிறவர்.

பாசிர்ரிஸ்காரன்:
அது இங்கே எதற்கு? உங்களிடம் மாற்று டியூப் இல்லை. டியூப் இல்லாமல் வரக்கூடாது என்று முந்தைய நாளே எழுதியிருந்தேன். நான் முன்னால் போனது கடை மூடுவதற்குள் டியூப் வாங்கத்தான்.

மெதுமிதி:
டியூப் வந்ததா? வரவில்லை. நாசி லெமாக் சோறு மட்டும் உங்கள் வயிற்றுக்கு வந்துவிட்டது.

சாங்கி_அக்கா:
இதை இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், தம்பி.

புதுமிதி:
அப்போ விமான நிலையத்தின் பக்கம் டைனோசர் பொம்மைகள் இருக்கும் பாதையில் போனால் நிழல் கிடைக்குமா?

ஈரச்சக்கரம்:
அது 2020இல் திறந்த இணைப்புப் பாதை. இரண்டாம் முனையத்திலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் வந்து சேரும். குழந்தைகள் பொம்மையைப் பார்த்துக்கொண்டே குறுக்கே ஓடுவார்கள். பூங்கா இணைப்புப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அந்த இடத்தில் அதில் பாதிகூட அதிகம். நம் கூட்டத்திலேயே சிலர் அங்கே பறப்பதைப் பார்த்துத் தலைகுனிந்திருக்கிறேன்.

பாசிர்ரிஸ்காரன்:
என்னைச் சொல்கிறீர்கள் என்றால் நேராகச் சொல்லுங்கள்.

ஈரச்சக்கரம்:
சொல்லிவிட்டேன்.

பாசிர்ரிஸ்காரன்:
சரி, எல்லோரும் சுற்றி வளைத்து என்னிடம்தான் வருகிறீர்கள். மறுபடியும் விஷயத்துக்கு வருகிறேன். உபினில் சில சரிவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள். சரளைக்கல் பாதையில் சக்கரம் வழுக்கும். பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று தெரியாத வாடகை சைக்கிளில் போவது நல்லதா, தினமும் ஓட்டும் சொந்த சைக்கிளில் போவது நல்லதா? என் தங்கை மகன் வாடகைக்கு எடுத்ததில் பின் பிரேக் சுத்தமாக இல்லை. இறக்கத்தில் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினான். செருப்பு பிய்ந்துவிட்டது. கடை பெயர் வேண்டாம்.

ஒற்றைக்கியர்:
எடுக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்து, இருக்கையைச் சரிசெய்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். ஏழெட்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் கடைக்காரரைக் குறை சொல்லக் கூடாது. மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்கை அந்தச் சரளையில் இறக்கினால் என்ன ஆகும் என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? உபினிலேயே கேத்தாம் பக்கம் மலைச் சைக்கிளுக்கென்றே தடம் போட்டிருக்கிறார்கள். ரோடு பைக்கோடு அங்கே போவீர்களா?

பாசிர்ரிஸ்காரன்:
நீங்கள் எழுதியது ரோடு பைக் என்றா? "சொந்த சைக்கிள்" என்று. என் சைக்கிளின் டயர் விரல் மூன்று அகலம். சரளையும் தெரியாது, சேறும் தெரியாது. அது படகில் போகும்.

சாங்கி_அக்கா:
செக் ஜாவாவுக்குப் போகிறவர்கள் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். கடல் மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் கடல்புல்லும் நட்சத்திர மீனும் கண்ணுக்குத் தெரியும். இதை ஒருவரும் எழுதவில்லையே என்றுதான் வந்தேன்.

புதுமிதி:
நன்றி அக்கா. சைக்கிள் விஷயம்தான் இன்னும் புரியவில்லை.

ஒற்றைக்கியர்:
வாடகைக்கு எடு தம்பி.

பாசிர்ரிஸ்காரன்:
தம்பி, பைகளைக் கழற்று, வலது பக்கம் மேலே, கடைசியாக ஏற்று. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகுத்துறையில் நான் இருப்பேன். வந்தால் நானே தூக்கி வைக்கிறேன்.

மெதுமிதி:
மாற்று டியூப்பை மறக்காதே தம்பி. அவர் முன்னால் போய்விடுவார்.

ஒற்றைக்கியர்:
உப்புத் தண்ணீர் தெறிக்கும் என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பாசிர்ரிஸ்காரன்:
வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். சாங்கி கடற்கரையில் ஓட்டினாலும் உப்புக்காற்றுதான். அதற்காகச் சாங்கிக்கும் வாடகை சைக்கிளில் போகச் சொல்வீர்களா?

ஒற்றைக்கியர்:
காற்று வேறு, தண்ணீர் வேறு.

பாசிர்ரிஸ்காரன்:
படகில் போகும்.