பழைய பீப் சைட் ரைபிளுக்கு 40,000 ரூபாயில் எந்தெந்த ஆக்சஸரி வாங்கலாம்?

ரேஞ்ச்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 15 வயது, 10 மீட்டர் பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் ஏர் ரைபிள்) பிரிவில் சுடுகிறாள். கைமாறி வாங்கிய ஃபெயின்வெர்க்பாவ் 700. 60 ஷாட்டில் தசமப் புள்ளியில் 600 முதல் 608 வரை வருகிறது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. கடையில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: கலர் ஃபில்டர் உள்ள ஐரிஸ் (பீப் துளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வளையம்), ஸ்பிரிட் லெவல் (சாய்வைக் காட்டும் குமிழ்) வைத்த ஃப்ரண்ட் சைட், பேரல் முனையில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப், சைட்டை உயர்த்தும் ரைசர் பிளாக், பேரல் வெயிட் செட். எல்லாவற்றையும் கூட்டினால் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு. எதை முதலில் வாங்குவது, எது வேண்டவே வேண்டாம்? அதைவிட முக்கியம், வாங்கிய பிறகு பலன் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? "நல்லா இருக்குப்பா" என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பணம் போட முடியவில்லை. மகள் கண்ணாடி போடுவாள், பவர் மைனஸ் 1.75.

பெல்லட்_டின்:
சார், பட்டியலை அப்படியே மடித்து வையுங்கள். அதில் இல்லாத இரண்டு விஷயத்தை முதலில் பாருங்கள்.

ஒன்று, அழுத்தக் காற்று அடைத்திருக்கும் சிலிண்டர். கைமாறிய ரைபிள் என்றால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். இந்த வகைச் சிலிண்டருக்குப் பொதுவாக 10 வருடம்தான் ஆயுள். தேதி தாண்டியிருந்தால் போட்டியில் பிரச்சினை வரும் என்பது ஒரு பக்கம். 200 பார் அழுத்தத்தைக் கன்னத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு நிற்பது இன்னொரு பக்கம். தாண்டியிருந்தால் புதுச் சிலிண்டர்தான் முதல் செலவு, ஐரிஸ் எல்லாம் அப்புறம். கைப்பம்பில் அடிக்கிறீர்கள் என்றால் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள். நம் கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அது உள்ளே போய், ஒவ்வொரு ஷாட்டுக்கும் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில்தான் உட்காரும். நிரப்பும்போது மெதுவாக. வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகி 200 காட்டும், ஆறியபின் 185க்கு இறங்கி நிற்கும்.

ரெகுலேட்டர் சரியாக இருக்கிறதா என்று அறிய, ரேஞ்சில் யாரிடமாவது பெல்லட் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் இருந்தால் 10 ஷாட் வேகம் எடுங்கள். 170 முதல் 175 மீட்டர்/விநாடிக்குள் எங்காவது நிற்கும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடைவெளி 2, 3 என்றால் கவலை இல்லை. 6ஐத் தாண்டினால் சீல் மாற்ற வேண்டிய நேரம். வேகம் 3 மாறினாலே பெல்லட் சுமார் 0.6 மிமீ மேலோ கீழோ போகும், 6 மாறினால் 1.2 மிமீ. 10 மீட்டர் டார்கெட்டில் 0.25 மிமீக்கு 0.1 புள்ளி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெல்லட். இதில்தான் பணம் போட வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்றாலும் பேட்ச் மாறினால் குரூப் (ஒரே குறியில் அடித்த ஓட்டைகளின் கொத்து) மாறும். தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று வரும். உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்பதைப் பேரல்தான் சொல்லும். நாலைந்து பேட்சில் ஒவ்வொரு டின் வாங்கி, ரைபிளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) பிடித்து, ஒவ்வொன்றிலும் 10 ஷாட் வீதம் 5 குரூப் போடுங்கள். வைஸ் இல்லையென்றால் மணல் பை, ஆனால் பை மேல் எப்போதும் ஸ்டாக்கின் ஒரே இடம் உட்கார வேண்டும். பேப்பர் ஓட்டையின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து 4.5ஐக் கழியுங்கள். வெளி அளவு 6 மிமீக்குள் வந்தால் அந்தப் பேட்ச் பயன்படும். 8 மிமீ என்றால் மையத்திலிருந்து 1.75 மிமீ வரை பெல்லட் தானாகவே விலகுகிறது. அதாவது மகள் ஒரு தப்பும் செய்யாமலே 0.7 புள்ளி வரை போகிறது. ஒரு குரூப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஐந்தையும் பாருங்கள். தேறிய பேட்ச் நம்பரில் ஒரு சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி வையுங்கள். மறுபடி போனால் அந்த நம்பர் கிடைக்காது.

வெள்ளை_இடைவெளி:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். நான் சைட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இருக்கிற ஆக்சஸரிகளிலேயே மலிவானதும் பலன் அதிகமானதும் ஃப்ரண்ட் சைட் ரிங்தான், அதாவது டார்கெட்டின் கறுப்பை நடுவில் வைத்துக் குறிபார்க்கும் வளையம். கடைக்காரர் அதைச் சொல்லாததற்குக் காரணமும் அதே, மலிவு. டார்கெட்டின் நடுக் கறுப்பு வட்டம் 30.5 மிமீ. கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் 90 செமீ தூரத்தில் இருந்தால் ரிங்குக்குள் அந்தக் கறுப்பு 2.7 மிமீ அளவாகத் தெரியும். 3.8 மிமீ ரிங் போட்டால் சுற்றிலும் அரை மிமீக்குக் கொஞ்சம் கூட வெள்ளை. இதை டார்கெட்டில் வைத்துப் பார்த்தால் குறி சுமார் 6 மிமீ விலகும்போது, அதாவது 8.6 புள்ளிப் பக்கம் போகும்போது, கறுப்பு ரிங்கைத் தொடும். 4.2 போட்டால் அந்த இடைவெளி 8 மிமீ.

ரிங் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு அசைவிலும் கறுப்பு ரிங்கை உரசும், கண் பதறும், கை திருத்தப் பார்க்கும், ட்ரிகர் தாமதமாகும். 9, 10 விநாடி பிடித்துவிட்டுக் கடைசியில் பிடுங்கி அடிப்பதில் பாதி இதனால்தான். 605 அடிப்பவருக்கு 4.0, 4.2 ஆகியவற்றை முயலச் சொல்வேன். இப்போது மாட்டியிருப்பது என்ன அளவு என்று ரிங்கின் ஓரத்தில் எழுதியிருக்கும்.

வாங்கும்போது ஒரு கவனம்: ரிங் உட்காரும் குழாய், அதாவது டனல், 18 மிமீயா 22 மிமீயா என்று அளந்துவிட்டுப் போங்கள். ஒன்றின் ரிங் இன்னொன்றில் உட்காராது.

ஐரிஸ் இரண்டாவது. 0.5 முதல் 3.0 வரை திறக்கிற சாதாரண ஐரிஸ் போதும். பெரும்பாலும் 1.0 முதல் 1.3க்குள்தான் நிற்கும். கூர்மையாகத் தெரிகிறதே என்று 0.8க்குக் கீழே மூடினால் படம் மங்கும், 40 ஷாட்டுக்குப் பிறகு கண் சோரும். ஐந்து கலர் ஃபில்டர் உள்ளதற்கு இரட்டை விலை கொடுப்பானேன்? டார்கெட்டில் வெளிச்சம் 1500 லக்ஸுக்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி. அந்த அளவு உள்ள ரேஞ்சில் ஃபில்டருக்கு வேலை குறைவு. வெள்ளை கண்ணைக் கூசினால் வெளிர் சாம்பல் ஒன்று போதும்.

பழைய ஐரிஸ் சரியா என்று பார்க்க: 0.9ல் வைத்து 5 ஷாட், 1.6ல் 5 ஷாட், மறுபடி 0.9ல் 5. வைஸில் வைத்து அடித்தால் இதில் பொருள் இல்லை. மணல் பையில் வைத்துக் கண்ணால் குறிபார்த்துத்தான் அடிக்க வேண்டும். குரூப்பின் மையம் இடம் மாறினால் இதழ்கள் மையத்தில் திறக்கவில்லை.

ரேஞ்ச்_அப்பா:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சிலிண்டர் தேதி பார்த்தேன், இன்னும் 3 வருடம் இருக்கிறது. ரிங்கில் 3.4 என்று போட்டிருக்கிறது! எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டால் முன் பின் சைட்டுகளுக்கு இடையே தூரம் கூடி துல்லியம் கூடும் என்கிறார்கள், உண்மையா? ரைசர் போட்டால் சாய்வுப் பிழை கூடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார்.

சாய்வு_கணக்கு:
3.4ஆ? அதை மாற்றிவிட்டு மறுபடி எழுதுங்கள், மீதிக் கேள்வியில் பாதி தானாகத் தீரும்.

ட்யூப்: உண்மைதான், சைட் தூரம் கூடும். ஆனால் அதே கையசைவு இப்போது பெரிதாகத் தெரியும். 10.4 சராசரிக்காரருக்கு அது உதவி, 10.0 சராசரிக்காரருக்கு அது தலைவலி. 10 செமீ ட்யூப் போட்டால் ரிங்குக்குள் கறுப்பு 3 மிமீயாக வளரும், அதனால் ரிங்கும் அதே விகிதத்தில், 3.8 என்றால் 4.2க்கு, ஏற வேண்டும். பலர் பழைய ரிங்கிலேயே விட்டுவிட்டு ட்யூபைத் திட்டுவார்கள். இன்னொன்று, ஏர் ரைபிளில் மெக்கானிசத்தின் பின்முனை முதல் பேரல் முனை வரை, ட்யூபையும் சேர்த்து, 850 மிமீ தாண்டக் கூடாது. ஃப்ரண்ட் சைட் அந்த முனைக்கு வெளியே நீட்டவும் கூடாது. டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ரைசர்: அந்தப் பயம் தேவையில்லை. ரைபிள் சாய்ந்தால் பெல்லட் விலகுவது சைட் உயரத்தால் அல்ல, புவியீர்ப்பில் பெல்லட் கீழே விழும் தூரத்தால். 10 மீட்டரில் அது சுமார் 17 மிமீ. சைட் அந்த 17 மிமீயை ஈடுகட்டப் பேரலை மேல்நோக்கி வைத்திருக்கிறது. ரைபிளைச் சாய்த்தால் அந்த ஈடு பக்கவாட்டில் திரும்புகிறது. 5 பாகை சாய்ந்தால் 1.5 மிமீ, அதாவது 0.6 புள்ளி. 2 பாகை என்றால் 0.6 மிமீ, சுமார் 0.2 புள்ளி. சைட் 4 செமீ மேலே இருந்தாலும் 7 செமீ மேலே இருந்தாலும் இதே கணக்குதான். ரைசர் வேண்டுமா என்பதைக் கழுத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்து, கண் திறந்தால் பீப் துளை நேராக வர வேண்டும். தலை முன்னாலோ கீழோ குனிய வேண்டியிருந்தால், முதலில் சீக் பீஸும் (கன்னம் சாயும் கட்டை) பட் பிளேட் (தோளில் பதியும் தகடு) உயரமும். அவை இருக்கிற திருகுகள், காசு இல்லை. அப்புறமும் குனிந்தால் ரைசர்.

ஸ்பிரிட் லெவலுக்கு வருகிறேன். சாய்வு தப்பில்லை. பலர் ரைபிளை முகத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்த்தே பிடிப்பார்கள், அது அவர்கள் உடல் அமைப்பு. தப்பு, ஷாட்டுக்கு ஷாட் சாய்வு மாறுவது. டார்கெட்டில் இதன் அடையாளம்: குரூப் மேலும் கீழும் ஒழுங்காக, இடம் வலமாக மட்டும் நீண்டிருக்கும். அப்படி இருந்தால் லெவல் வாங்குங்கள். வட்டமாகச் சிதறியிருந்தால் லெவல் எதையும் சரிசெய்யாது.

வெள்ளை_இடைவெளி:
லெவலில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. குமிழைப் பார்க்கும் கண் ரிங்கை விட்டுவிடும். பயிற்சியில் 2 வாரம் மாட்டி, ரைபிள் தோளில் உட்காரும் விதம் பழகியதும் கழற்றிவிடலாம் என்பேன். யாரிடமாவது கடன் வாங்கினாலே போதும்.

கண்ணாடி விஷயம் யாரும் தொடவில்லை. சாதாரண ஃப்ரேமில், முகத்தைத் திருப்பிக் குறிபார்க்கும்போது கண் லென்ஸின் மூக்கோர மூலை வழியாகப் பார்க்கிறது. அங்கே பவர் சரியாக இருக்காது, ரிங் முட்டை வடிவமாகத் தெரியலாம். ஷூட்டிங் ஃப்ரேமில் ஒற்றை லென்ஸைப் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக, நடுப்புள்ளி பீப் துளைக்கு நேராக வைக்க முடியும். பட்டியலில் இல்லாவிட்டாலும் உங்கள் 40,000ல் இதற்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். கண் மருத்துவரிடம் போகும்போது ஃப்ரண்ட் சைட் தூரத்தைச் சொல்லுங்கள். ரிங் கூர்மையாகவும் கறுப்பு லேசாக மங்கியும் தெரிய வேண்டும். சைட்டில் மாட்டும் பெரிதாக்கும் லென்ஸ் யாராவது காட்டினால் தொடாதீர்கள், இந்தப் பிரிவில் கூடாது. குறிபார்க்காத கண்ணை இறுக மூடவிடாதீர்கள். 30 மிமீ அகலத்துக்குள் ஒரு வெளிர் மறைப்பு ஃப்ரேமில் ஒட்டினால் போதும். கறுப்பு அட்டை வேண்டாம், ஒரு கண் இருட்டில் இருந்தால் மற்றக் கண்ணின் பாப்பாவும் விரியும்.

சாய்வு_கணக்கு:
இப்போது சோதிப்பது. பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். புது ஐரிஸ் போட்ட அன்று 609 வந்தால் ஐரிஸுக்கு மாலை, 601 வந்தால் திட்டு. ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் 0.45 புள்ளி அளவுக்கு ஏற்ற இறக்கம் உள்ளவர் என்று வைத்துக்கொண்டால், எதையும் மாற்றாமலே இரண்டு 60 ஷாட்டுக்கு இடையே 10 புள்ளி வரை வித்தியாசம் வரலாம். அதனால் ஒரு மேட்ச் எதையும் நிரூபிக்காது.

செய்யும் முறை: ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். 10 ஷாட் பழையது, 10 புதியது, மறுபடி 10 பழையது, 10 புதியது. முதல் 30 பழையதில், அடுத்த 30 புதியதில் என்று அடித்தால் களைப்பு புதியதன் தலையில் விழும். இப்படி ஆறு நாள், பக்கத்துக்கு 120 ஷாட்டாவது. தசமப் புள்ளியோடு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் எத்தனை விநாடி பிடித்தாள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ரிங் மாற்றினால் புள்ளிக்கு முன்பே நேரத்தில் பலன் தெரியும்: 10 விநாடி 7 ஆகும், துப்பாக்கியை இறக்கி மறுபடி எடுப்பது குறையும். எது மாட்டியிருக்கிறது என்று அவளிடம் மறைக்க முடிந்தால் நல்லது. ரிங்கில் அது முடியாது, பெல்லட்டில் முடியும்.

பின் சைட்டையும் ஒரு முறை பெட்டி போட்டுப் பாருங்கள். 5 ஷாட், வலது 20 க்ளிக், 5 ஷாட், மேல் 20, 5 ஷாட், இடது 20, 5 ஷாட், கீழ் 20, 5 ஷாட். கடைசிக் குரூப் முதல் குரூப் மேலேயே உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் திருகில் தேய்மானம். அப்படியானால் புது ஐரிஸ் வாங்கிப் பழைய சைட்டில் மாட்டுவதில் அர்த்தம் இல்லை. இதிலேயே ஒரு க்ளிக்குக்கு எத்தனை மிமீ என்பதும் கிடைக்கும்.

பெல்லட்_டின்:
வெயிட் செட் மட்டும் பாக்கி. மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதால் அதுவரை ஏற்றலாம் என்று அர்த்தம் இல்லை. 15 வயது முதுகு. முனையில் 50 கிராம் போட்டாலே இடுப்பு பின்னால் வளையலாம். பக்கத்திலிருந்து ஒரு வீடியோ எடுத்து, 1வது ஷாட்டையும் 50வது ஷாட்டையும் ஒப்பிடுங்கள். வளைவு கூடியிருந்தால் கழற்றுங்கள். சோதித்துப் பார்க்க டேப்பில் ஒட்டலாம், போட்டிக்கு டேப் ஒட்டிய வெயிட்டோடு போனால் எக்விப்மென்ட் கன்ட்ரோலில் (கருவிச் சோதனை) நிறுத்திவிடுவார்கள். திருகித்தான் மாட்ட வேண்டும்.

ரேஞ்ச்_அப்பா:
4.0, 4.2 ரிங் இரண்டும் ஆர்டர் போட்டாச்சு, டனல் 18. பெல்லட் 4 பேட்ச். பெட்டிச் சோதனையை ஞாயிறு காலை செய்கிறோம், பேப்பரைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

வெள்ளை_இடைவெளி:
படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். எந்தக் குரூப் எந்த வரிசையில் அடித்தது என்று பென்சிலில் எண் போடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் புரியாது.